தோள்பட்டை வலி: உங்களுக்கு எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மஞ்சக்குப்பம், கடலூர்:
ஜாக்கெட் கொக்கி மாட்டப் பின்னால் போன இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது. விழவில்லை, அடிபடவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். பார்த்தவர்கள் எல்லாம் வாயு என்றார்கள். நம் ஊரில் எந்த வலிதான் வாயு இல்லை!

எலும்பு டாக்டர் முழங்கையை இடுப்போடு ஒட்டிவைக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். வலது கை கதவு மாதிரி திறந்தது. இடது கை அவர் பிடித்துத் திருப்பியும் வரவில்லை. "மூட்டைச் சுத்தி இருக்கிற உறையே இறுகிப்போச்சும்மா. ஃப்ரோஸன் ஷோல்டர். சுகர் இருக்கா?" என்றார். இருந்தது. 40 முதல் 60 வயதுக்குள் வருவதுதான் அதிகமாம், அதிலும் சுகர்காரர்களை விடாது. முதலில் வலி, பிறகு இறுக்கம், அப்புறம் மெல்ல இளகும். முழுசாகச் சரியாக 1 முதல் 3 வருடம்கூட ஆகலாம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி நன்றாகவே குறைந்தது. பிசியோ சொன்னபடி சுவரில் விரல்களை ஏற்றிக்கொண்டே போவேன், எட்டிய இடத்தில் மகள் பென்சிலால் கோடு போடுவாள். சமையலறைச் சுவர் பாழ். ஆனால் இப்போது மேல் தட்டில் இருக்கிற டப்பாவை நானே எடுக்கிறேன்.

தேவனாம்பட்டினம்:
அக்கா, அப்பாவுக்கு வேறு மாதிரி. வலை இழுத்தே பழகிய தோள். ஒருநாள் இழுக்கும்போது உள்ளே 'சடக்'கென்றதாம். அதோடு வலது கை மேலே போகவில்லை. ஆனால் நான் பிடித்துத் தூக்கினால் தலைக்கு மேல் சுலபமாகப் போகும், விட்டால் தொப்பென்று விழும். சுளுக்கு என்று ஒருவர் எண்ணெய் போட்டு உருவி உருவி, வீக்கம்தான் மிச்சம்.

ஜிப்மரில் ஸ்கேன் பார்த்து, தசைநார் கிழிந்திருக்கிறது என்றார்கள். தோளில் பந்து மாதிரி இருக்கும் எலும்பை நான்கு தசைகளின் நார்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன, அதில் மேலே இருப்பதுதான் பெரும்பாலும் கிழியுமாம். பாதிக் கிழிசல் என்பதால் ஆபரேஷன் வேண்டாம், முதலில் பயிற்சி செய்து பார்ப்போம் என்றார்கள். நீங்கள் சொன்ன சுவர்ப் பயிற்சியை அப்பாவுக்கு உடனே கொடுக்கவில்லை. தோள் வலி என்றாலே எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்று வாட்ஸாப்பில் வருவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
கபடி. பிடிபட்டு விழுந்ததில் தோள் முன்பக்கமாக இறங்கிவிட்டது. இழுத்துப் போட்டுவிடலாம் என்று பசங்க கிளம்பினார்கள். பயிற்சியாளர் ஒருவரையும் தொடவிடாமல், துண்டால் கையை உடம்போடு கட்டி ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் முதலில் எக்ஸ்ரே, எலும்பு உடைந்திருக்கிறதா என்று. மேல்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டு, மரத்திருக்கிறதா என்றும் கேட்டார்கள். அங்கே உணர்ச்சி இல்லையென்றால் நரம்பு அடிபட்டிருக்கலாம். அதன் பிறகுதான் மயக்க ஊசி போட்டு உள்ளே தள்ளினார்கள். சின்ன வயதில் ஒருமுறை நழுவினால் திரும்ப நழுவ வாய்ப்பு அதிகம் என்றார்கள். அதேபோல் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போது மறுபடி நழுவியது. இப்போது ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.

பண்ருட்டி:
எங்கள் மாமா பலாப்பழம் ஏற்றுகிறவர். இடது தோள் வலியைச் சுமையால் வந்தது என்றே நினைத்தார். கையை எப்படி ஆட்டினாலும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேகமாக நடந்தால் மட்டும் வியர்த்துக்கொண்டு வந்தது. ஈசிஜி எடுத்தால், இதயம். இப்படி வந்தால் தைலத்தைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா, எனக்கும் சுகர் இருக்கிறது. அந்த ஊசி போட்டால் சுகர் ஏறுமா?

மஞ்சக்குப்பம், கடலூர்:
ஏறும்ப்பா, சில நாட்களுக்கு. டாக்டர் முன்கூட்டியே சொல்லி, வீட்டிலேயே தினம் பார்க்கச் சொன்னார். ஊசிக்கு முன்பே உங்கள் சுகர் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள்.