முகாம்ல கமிட்டி நடத்துற தண்ணி, கக்கூஸ் வேலைய எப்படி மதிப்பிடுறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

மலையடிவாரம்:
வணக்கம். சின்ன டிரஸ்ட் ஒண்ணுல வேலை பாக்குறேன். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒண்ணுல ஜனங்களே கமிட்டி போட்டு தண்ணி, கழிப்பறை, சுத்தம் எல்லாத்தயும் பாத்துக்குறாங்க, மூணு வருஷமா நடக்குது, எப்படி இருக்குன்னு ரிப்போர்ட் கேக்குறாங்க. குடுத்த ஃபார்ம்ல எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை, எத்தனை மீட்டிங், அவ்வளவுதான். போன செவ்வாய் போயிருந்தேன். பொம்பளைங்க பக்கம் பன்னெண்டு கழிப்பறை, நோட்டுல பன்னெண்டும் 'நல்ல நிலை'ன்னு டிக். உள்ள போய் பாத்தா நாலுல தாழ்ப்பாள் இல்ல, ஒண்ணுல கதவு ஓட்டையில சேலைக் கிழிசல முடிஞ்சு வச்சிருக்காங்க, அத ஒரு கையில இழுத்துப் புடிச்சுக்கிட்டேதான் உக்காரணும். இத எந்தக் கட்டத்துல எழுதுறது? கமிட்டிக்காரங்க சம்பளம் இல்லாம செய்றவங்க, அவங்க மேல பழி போடுற மாதிரியும் ஆகிடக் கூடாது.

வவுனியா பேத்தி:
நான் முகாம்லயே பிறந்து வளந்தவள். அம்மா ஆக்கள் 90ல ராமேஸ்வரத்துக்குக் கிட்ட மண்டபம் முகாம்ல வந்து இறங்கினவை. எங்கட லைன் வீடு பத்துக்குப் பத்து, கக்கூஸ் பொதுதான். அம்மம்மாவுக்கு முழங்கால் ஏலாது, இருந்து எழும்ப யாராவது பிடிக்கோணும், அதால பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணியும் குடிக்க மாட்டா, கேட்டா தாகம் இல்லை எண்டுவா. கணக்கெடுக்க வந்த ஒருத்தரும் அத எழுதினதே இல்லை. நீங்க பகல் பதினொரு மணிக்குப் போனா எல்லாம் கழுவி வச்சிருப்பினம், விடிய நாலரைக்குப் போய் நில்லுங்கோ. ஆர் வாளியோட வரினம், ஆர் வராம பின்னால காட்டுப் பக்கம் போயினம், பல்ப் எரியுதா, அது தெரியும். கடைசி லைனுக்கு கட்டாயம் போங்கோ, டாங்கிக்குக் கிட்ட இருக்கிற வீடுகளுக்கு குடம் நிரம்பேக்க அங்க குழாய் இருமிக்கொண்டு நிக்கும். 2021ல பழைய வீடுகளுக்குப் பதிலா 7,469 புது வீடு அறிவிச்சவை, அதுல போனவைக்கும் பழைய லைன்ல இருக்கிறவைக்கும் கணக்கு தனித்தனியா எடுங்கோ, சேத்துப் போட்டா பழைய லைன் மறைஞ்சு போயிடும்.

குளோரின்:
மேல சொன்னது அத்தனையும் சரி. நான் வங்கதேசத்துல காக்ஸ் பஜார் ரோஹிங்கியா முகாம்ல தண்ணி டெஸ்ட் பண்ற வேலையில இருந்தேன். 2017ல ஏழு லட்சத்துக்கு மேல ஜனம் சில மாசத்துல வந்து சேந்தப்ப அவசரத்துல போட்ட ஆழம் இல்லாத அடிபம்பு பலது கழிப்பறைக் குழிக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, எண்ணிக்கையப் பாத்தா ஓகே, தண்ணிய டெஸ்ட் பண்ணா மலக்கிருமி. நிவாரண வேலைக்கு உலக அளவுல பாக்குற ஸ்பியர் கையேட்டு கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அது குறைஞ்சபட்சம், தொட்டுட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. குழாயடியில டெஸ்ட் பண்ணிட்டு நிறுத்திடாதீங்க, வீட்டுக்குள்ள போய் குடத்துத் தண்ணிய எடுங்க. குளோரின் இருக்கான்னு காட்டுற டிபிடி மாத்திரை போட்டா குழாய்த் தண்ணி நல்ல ரோஸ் கலருக்கு வரும், அதே தண்ணி குடத்துல ராத்திரி முழுக்க இருந்து காலையில எடுத்தா பல வீட்ல கலரே வராது. டம்ளர விரலோட முக்கி எடுக்கறாங்களான்னும் பாருங்க. மலாவியில ஒரு அகதி முகாம்ல 1993ல மூடியும் வாய்க்குழாயும் வச்ச வாளி குடுத்துப் பாத்தாங்க, அந்த வீடுகள்ல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க வயித்துப்போக்கு 31 சதவீதம் குறைஞ்சுது. கை உள்ள போகாம பாத்துக்கிட்டதுக்கே அவ்வளவு பலன்.

வால்வு அண்ணன்:
தம்பி, நான் பஞ்சாயத்துல 22 வருஷம் ஓஎச்டி (மேல்நிலைத் தொட்டி) ஆபரேட்டர். பழி விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். கமிட்டி கையில எது இருக்கு, எது இல்லன்னு முதல்ல பிரிச்சு எழுதுங்க. பிளீச்சிங் பவுடர் போடுறது, கழுவுற முறை வைக்கிறது, வீட்டுக்கு வீடு காசு வாங்குறது அவங்க வேலை. மோட்டார் காயில் எரிஞ்சா, போர்வெல்ல தண்ணி இறங்கிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க, மனு எழுதி குடுத்துட்டு நடையா நடக்கத்தான் முடியும். பழுதான தேதி, மனு குடுத்த தேதி, சரி பண்ணின தேதி, மூணயும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டீங்கன்னா எங்க நின்னுச்சுன்னு படிக்கிறவங்களுக்கே தெரிஞ்சிடும். இன்னொண்ணு, செப்டிக் டேங்க் நிறைஞ்சா வண்டி வருதா இல்ல ஆள இறக்குறாங்களான்னு கட்டாயம் கேளுங்க, 2013லயே சட்டம் போட்டு தடுத்தாச்சு, காசு மிச்சம்னு எவனாவது இறங்கியிருந்தா அத அன்னைக்கே நிறுத்தணும், ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மலையடிவாரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு நாலே முக்காலுக்கே போயிட்டேன். பன்னெண்டுல ஏழுதான் திறந்திருந்துச்சு, பாக்கிக்கு சாவி ஒரே ஒரு அம்மாகிட்ட, அவங்க ஆறு மணிக்கு மில் வேன்ல ஏறிட்டா ராத்திரி வரைக்கும் பூட்டு. கடைசி லைன்ல ஒரு பாட்டி என் கையப் புடிச்சு, இங்க வந்து இத கேட்ட முதல் ஆள் நீங்கன்னு சொன்னாங்க. கமிட்டிகிட்ட பேசினேன், எழுதிக் குடுத்த மனு நகலெல்லாம் ஒரு மஞ்சப் பையில பத்திரமா வச்சிருக்காங்க, மோட்டாருக்கு மட்டும் ஆறு மனு. தாழ்ப்பாள் நாலும் நாளைக்கே மாட்டிடலாம்னாங்க, காசு 400க்குள்ளதான் வரும். பேத்தி அக்கா, வயசானவங்க உக்கார மாதிரி ஒரு மேடையோ கைப்பிடியோ வைக்கணும்னா எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்துல வச்சா வசதி? அம்மம்மாகிட்ட கேட்டு சொல்ல முடியுமா?

வவுனியா பேத்தி:
அம்மம்மா இப்ப இல்லை. அம்மாவுக்கும் இப்ப அதே முழங்கால் வருத்தம்தான், பின்னேரம் கேட்டு அளந்து போடுறன்.