இரண்டு மாதமாகத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரியே இருக்கிறது, டாக்டரிடம் போக வேண்டுமா?

தூறல்77:
வயது 44. இரண்டு மாதம் முன்னால் சளி பிடித்தது, ஒரு வாரத்தில் சளி போய்விட்டது, தொண்டை மட்டும் சரியாகவே இல்லை. வலி என்று சொல்ல முடியாது. குரல்வளை மேட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு முடிக்கற்றை ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது, எச்சிலை விழுங்கினால் இறங்குவது போல் இறங்கி மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறது. சாப்பிடும்போது மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. காலையில்தான் மோசம், எழுந்தவுடன் பத்துப் பதினைந்து தடவை செருமினால்தான் குரலே வருகிறது. காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. வீட்டில் மீதியிருந்த ஆன்டிபயாடிக் மூன்று நாள் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. சிகரெட் விட்டு நான்கு வருடம் ஆகிறது, அதற்கு முன் நிறையப் பிடித்தவன், அதனால்தான் ராத்திரியில் டார்ச் அடித்துக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் பொறுக்கலாமா, போய்விடலாமா?

பழையபாட்டுக்காரி:
சகோ, நீங்கள் எழுதியதைப் படித்தால் என் கதையைப் படிப்பது மாதிரி இருக்கிறது. நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள், எனக்கு இது ஐந்து மாதம் இருந்தது. எச்சிலை விழுங்கினால் சிக்குகிறது, சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது என்கிறீர்களே, அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், என்னிடம் அவர் முதலில் கேட்டதே அதுதான். சாப்பாடே சிக்கினால் அது வேறு விஷயம், உடனே பார்க்க வேண்டியது.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கில் மரத்துப்போகிற மருந்து அடித்துவிட்டு நூடுல்ஸ் கனத்தில் ஒரு குழாயை மூக்கு வழியாக விட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, வலிக்கவில்லை, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. திரையில் என் குரல் நாண்களை நானே பார்த்தேன். நாண் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தது, அதற்குப் பின்பக்கம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. வயிற்று அமிலம் மேலேறி வருகிறது என்றார். எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே என்றேன், நெஞ்சு எரியாமலேயே தொண்டை வரைக்கும் வரும், நிறையப் பேருக்கு அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் செய்தது இதுதான்: படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே கடைசிச் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை (இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கும், அது வேண்டாம்), காபியைக் குறைத்தேன். ஆனால் எனக்குக் கைகொடுத்தது செருமலை நிறுத்தியதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒவ்வொரு செருமலுக்கும் இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதி உரசுகின்றன, உரசிய இடம் வீங்குகிறது, வீங்கியதால் ஏதோ இருப்பது போல் தோன்றி மறுபடி செருமுகிறோம். செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். முழுசாக விட இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

கடலோரம்:
எனக்கு அமிலம் இல்லை, மூக்குதான். தூசி ஒவ்வாமையால் மூக்கின் பின்பக்கமாகச் சளி தொண்டைக்குள் சொட்டிக்கொண்டே இருந்தது, ராத்திரி படுத்தால் அதிகம், காலையில் செருமல். மூக்கு ஸ்பிரே ஆரம்பித்துச் சில வாரத்தில் அடங்கியது. என் தம்பிக்கு டான்சில் குழியில் வெள்ளையாகக் கல் மாதிரி சேர்ந்திருந்தது, வாய் நாற்றமும் இருந்தது. ஆளாளுக்கு வேறு காரணம், எங்களைப் பார்த்து நீங்களே மருந்து வாங்கிப் போடாதீர்கள்.

இரவுப்பணி:
நான் காது மூக்கு தொண்டை வார்டில் நர்ஸ். முதலில் ஒன்று, மீதியிருக்கும் ஆன்டிபயாடிக்கை இனி தொடாதீர்கள். தொண்டை நோவில் பெரும்பாலானது வைரஸால் வருவது, ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும், அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவால் வந்ததென்றால் டாக்டர் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

நீங்கள் சொன்ன மாதிரி கட்டி இருப்பது போன்ற உணர்வு வெகு சாதாரணம், பெரும்பாலும் ஆபத்தில்லாதது, மனக்கவலை இருந்தால் கூடவும் செய்யும். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், கழுத்தில் கையில் தட்டுப்படும் கட்டி, ஒரு பக்கம் மட்டும் வலி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது, புகையிலைப் பழக்கம் இருந்தவர் என்றால் இன்னும் சீக்கிரம். மூச்சு வாங்குகிறது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிகிறது, வாயைத் திறக்க முடியவில்லை என்றால் அந்த நிமிடமே அவசரப் பிரிவு.

டார்ச் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. வாயைத் திறந்தால் தெரிவது டான்சில் வரைக்கும்தான், நீங்கள் சொல்லும் இடம் நாக்கின் அடிவேருக்கும் கீழே. இரண்டு கேள்வி: என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? விழுங்கும்போது காதில் ஏதாவது தெரிகிறதா?

தூறல்77:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எட்டு மாதமாக. காது என்று கேட்டதும்தான் யோசித்தேன், இடது காதில் உள்ளே குத்துகிற மாதிரி ஒரு மூன்று வாரமாக இருக்கிறது, வேலையில் நாள் முழுக்க இயர்போன் போடுவதால் என்று விட்டுவிட்டேன்.

இரவுப்பணி:
ராமிப்ரில் வகை மாத்திரை சிலருக்குத் தொண்டையில் அரிப்பும் வறட்டு இருமலும் கொடுக்கும், ஆரம்பித்து மாதக்கணக்கு கழித்தும் வரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றிக் கொடுப்பார். காது விஷயத்துக்காக இந்த வாரமே போங்கள். தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்புகள் உண்டு, தொண்டையில் இருக்கும் தொந்தரவு காதில் வலியாகத் தெரியும். டான்சில், கடைவாய்ப் பல், தாடை மூட்டு என்று எதுவாகவும் இருக்கலாம், பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் ஒரே பக்கம், இரண்டு மாதம், பழைய சிகரெட் மூன்றும் சேர்ந்தால் குழாய் விட்டுப் பார்க்காமல் யாரும் ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது.

தூறல்77:
வியாழக்கிழமை காலை நேரம் வாங்கிவிட்டேன். எப்போது ஆரம்பித்தது, எந்த மாத்திரை, இடது காது, சிகரெட் எத்தனை வருடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். செருமாமல் இருக்க இன்று முழுக்கத் தண்ணீர் பாட்டிலோடுதான் உட்கார்ந்திருக்கிறேன் அக்கா, கஷ்டம்தான். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.