பழைய ரிமோட் போட்டி விமானம் கையில் சிக்கியவர்கள் உண்டா? (சுங்கை சிப்புட் பக்கம்)

செம்பனைக்காரன்:
கிராணி பங்களாவை உடைத்தபோது கூரைக்குள்ளிருந்து ஒரு ரிமோட் விமானம் வந்தது. இறக்கை ஒடிந்து, இன்ஜின் கழற்றி. ஆனால் அந்த வால்! பின் இறக்கை இரண்டு பக்கமும் கீழே சாய்ந்திருந்தது. பார்த்ததுமே கியூராரே என்று பட்டது. ஹானோ பிரெட்னர் 1977இல் அமெரிக்காவில் ரிமோட் விமான உலகப் போட்டியை ஜெயித்தாரே, அந்த டிசைன். டேங்க் மூடியைத் திருகினேன். உள்ளே பழுப்பாய், பிசின் மாதிரி காய்ந்த எண்ணெய். விளக்கெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது; இந்த இன்ஜின்களின் எரிபொருளில் அதைக் கலப்பார்கள். அப்படியென்றால் யாரோ இதை இங்கேதான் ஓட்டியிருக்கிறார்கள். யார் என்று கேட்கத் தோட்டத்தில் பழைய ஆள் யாரும் இல்லை. மறுநாள் போவதற்குள் கண்ட்ராக்டர் லாரியில் ஏற்றிவிட்டார். நான் முதல் நாளே எடுத்து வந்த வால் மட்டும் வீட்டில் இருக்கிறது. மனசு ஆறவில்லை.

லயத்துப் பையன்:
நான் பறந்ததையே பார்த்தவன். சின்னத் துரை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரட்டுக் களத்துக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பக்கத்துத் திடலில் ஓட்டுவார். அவர் கையிலிருந்த ரிமோட் பெட்டியில் குச்சி கிடையாது, வரிசையாகச் சின்னச் சுவிட்சுகள். கட்டைவிரலால் டக் டக்கென்று தட்டத் தட்ட விமானம் விட்டு விட்டு வளையும். ரீட் ரேடியோ. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் ஒலி. ரிசீவரில் அந்த ஒலிக்குரிய தகடு மட்டும் அதிரும். எட் காஸ்மிர்ஸ்கி 1960இல் சுவிட்சர்லாந்தில் முதல் உலகப் போட்டியை ஜெயித்த ஓரியன் விமானமும் ரீட்தான். உங்கள் விமானமும் அந்தக் காலமாக இருக்கலாம்.

தைப்பிங் பால்சா:
தம்பி, அது சரிவராது. 1967இல் கோர்சிகாவில் பில் கிராஃப்ட் குவிக் ஃபிளை என்ற விமானத்தை வைத்து உலகப் போட்டியை ஜெயித்தபோதே ரீட் காலம் முடியத் தொடங்கிவிட்டது. கீழே சாய்ந்த வால் பிரபலமானது அதற்கும் பிறகு. செம்பனைக்காரன், நீங்களும் வாலை மட்டும் வைத்துக் கியூராரே என்று முடிவு கட்டாதீர்கள். பிரெட்னரைப் பார்த்து அப்படி வால் வைத்தவர்கள் நிறைய.

எனக்கும் இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. உள்ளே இருந்த நிக்காட் (நிக்கல்-காட்மியம்) பேட்டரி கசிந்து கருப்பு வயரை உள்ளுக்குள் அரித்திருந்தது. வெளியே புதுசு போல இருந்த வயர், இழுத்ததும் பொடியாய் உதிர்ந்தது.

அதனால் சொல்கிறேன். வாலைக் கழுவாதீர்கள், உப்புத்தாள் போடவே போடாதீர்கள். பெயின்ட்டுக்கு அடியில் பால்சா மரத்தில் பென்சில் கோடோ எழுத்தோ இருக்கலாம். வாலின் அகலம், சாய்வு, சுக்கான் கீல்களுக்கு இடையே உள்ள தூரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். அவுட்டர்சோன் தளத்தில் பழைய பிளான்கள் இலவசம். அளவை அதோடு ஒப்பிடுங்கள். கண்ட்ராக்டரிடம் லாரி எங்கே கொட்டியது என்று கேளுங்கள். உடல் கிடைத்தால் முதலில் இன்ஜின் மவுண்டின் திருகு ஓட்டைகளை அளக்க வேண்டும். அந்தக் காலப் போட்டியில் இன்ஜினுக்கு 10 சிசி வரைதான் அனுமதி. பெரும்பாலோர் அந்த 10 சிசியைத்தான் போட்டார்கள். ஓட்டை அதற்குப் பொருந்தாவிட்டால் போட்டி விமானம் என்ற பேச்சையே மறுபடி யோசிக்கலாம். அப்புறம் இறக்கையில் சக்கரம் மடங்கும் பள்ளம் இருந்ததா? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

லயத்துப் பையன்:
அண்ணே, சுவிட்ச் பெட்டியை நான் கண்ணால் பார்த்தேன். துரையின் விமானத்துக்கு வால் நேராகத்தான் இருந்தது. ஒரே தோட்டத்தில் இரண்டு விமானம் இருந்திருக்கக் கூடாதா?

செம்பனைக்காரன்:
பள்ளம் இருந்தது. இரண்டு பக்கமும். நாளைக்குக் கண்ட்ராக்டரைப் பிடிக்கிறேன்.