1.3 மல்டிஜெட் டீசல்: குறை செயினிலா, ஆயிலிலா?

நாமக்கல்வாசி:

1.3 மல்டிஜெட் இன்ஜின் கொண்ட 2014-ஆம் ஆண்டின் டிசையர் டீசல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டாவது உரிமையாளர், மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர், பாடியில் துரு இல்லை. வாரம் இரண்டு முறை சேலத்துக்கும், மாதம் ஒரு முறை மனைவியின் ஊரான கொல்லிமலைக்கும் போய்வர ஒரு வண்டி தேவைப்படுகிறது. "அந்த இன்ஜினின் டைமிங் செயின் (பிஸ்டன்களின் ஓட்டத்தோடு வால்வுகளை ஒத்துப்போக வைக்கும் சங்கிலி) எப்போது கையை விரிக்கும் என்று தெரியாது, பக்கத்தில் போகாதே" என்கிறார் என் மைத்துனர். அலுவலக நண்பரோ அதே இன்ஜினில் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார், இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இருவருமே வண்டி தெரிந்தவர்கள் என்பதால் எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டீசல்நேசன்:

தயங்காமல் பாருங்கள், நண்பரே. இந்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அது என்ன என்பதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். ஃபியட் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த 1,248 சி.சி. இன்ஜின் இது: நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, 69.6 மில்லிமீட்டர் போர், 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். காமன் ரெயில் என்ற பொதுக் குழாயில் 1,400 பார் அழுத்தத்தில் டீசலை நிறுத்தி வைத்து, ஒரே சுழற்சியில் ஐந்து முறை வரை சிறு சிறு அளவாகப் பிரித்துத் தெளிப்பதால்தான் இதற்கு மல்டிஜெட் என்று பெயர் வந்தது. முதலில் ஒரு சொட்டு டீசல் எரிந்து அறையைச் சூடாக்கிய பிறகே பெரும்பகுதி உள்ளே வருகிறது. பழைய டீசல் வண்டிகளில் நாம் கேட்ட அந்த 'கடகட' ஓசை இதில் அடங்கியதற்கு அதுவே காரணம். 2005-இல் உலக அளவிலான 'ஆண்டின் சிறந்த இன்ஜின்' விருதுகளில் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இதுவே வென்றது.

இந்தியாவில் 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், ப்ரெஸ்ஸா, புன்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா, மான்ஸா என்று ஒன்றுக்கொன்று போட்டியாக நின்ற வண்டிகளிலெல்லாம் இதே இன்ஜின் அமர்ந்ததால் 'தேசிய இன்ஜின்' என்றே அழைத்தார்கள். மானேசரில் உரிமம் பெற்றுத் தயாரித்தது போதாமல், 2012-இல் ஃபியட்டின் ரஞ்சன்காவ் ஆலையிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் இன்ஜின் வாங்க மாருதி ஒப்பந்தம் போட்டது. கால் டாக்ஸிக்காரர்கள் வயிற்றுப்பிழைப்புக்கு நம்பிய இன்ஜினை 'எப்போது உடையும் என்று தெரியாது' என்று சொல்வது நியாயமாகாது.

மலைப்பாதை:

விருதையும் விற்பனையையும் வைத்து ஒரு பழைய வண்டியை வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்பவர் புதிய இன்ஜினை வாங்கவில்லை. பத்தாண்டு கடந்த, யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத இன்ஜினை வாங்கப்போகிறார்.

முதலில் கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். டிசையரில் இருப்பது 75 குதிரைத்திறன் வடிவம். 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று தாளில் இருக்கிறது, ஆனால் அது கிடைப்பது 2,000 ஆர்.பி.எம். அளவில்தான். காரவள்ளியிலிருந்து மேலே போகும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து, இரண்டாம் கியரில் முள் 1,500-க்குக் கீழே இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஒரு கணம் அசையாமல் யோசிக்கும். முதல் கியருக்கு இறக்கினால் அலறும். 2,000-ஐத் தாண்டியதும் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) திடீரென்று பிடித்து முன்னே தள்ளும். வளைவின் நடுவில் எதிரே பேருந்து வரும்போது இந்தத் தயக்கம் எவ்வளவு கலவரப்படுத்தும் என்பது அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இதைச் சமாளிக்கப் பாதி கிளட்ச் மிதித்து மிதித்தே கிளட்ச் பிளேட்டைத் தேய்த்துவிடுகிறார்கள்.

இரண்டாவது செய்தி, ஆயில். இந்த இன்ஜினுக்குள் இருக்கும் மொத்த ஆயில் சுமார் மூன்று லிட்டர்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் டர்போவின் தண்டைக் குளிர்விக்கவும், செயினை நனைக்கவும், செயினை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரைத் தள்ளிப் பிடிக்கவும், புகைக்கரியைச் சுமக்கவும் அந்த மூன்று லிட்டரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இதே ஃபியட், ஐரோப்பாவில் 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்று சொன்னது. அங்கே செயின் கோளாறு பற்றிய முறையீடுகள் குவிந்ததில் வியப்பில்லை. சிறிதளவு அலட்சியத்தைக்கூடப் பொறுக்காத வடிவமைப்பை நான் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மாட்டேன்.

டீசல்நேசன்:

டர்போ தாமதத்தை ஒப்புக்கொள்கிறேன், அதை மறைக்க முடியாது. ஆனால் அதே எளிய டர்போவில்தான் ஒரு நன்மையும் இருக்கிறது. 90 குதிரைத்திறன் வடிவத்தில் உள்ள மாறும் இறக்கைகள் கொண்ட டர்போ 1,750 ஆர்.பி.எம்.-இலேயே 200 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனால் கரி படிந்தால் அந்த இறக்கைகள் இறுகிக்கொள்ளும். 75-இல் இறுகுவதற்கு இறக்கையே இல்லை. பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

ஐரோப்பாவின் 30,000 கிலோமீட்டரை இங்கே கொண்டுவருவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மாருதி இங்கே சொன்னது 10,000 கிலோமீட்டர். மூன்றில் ஒரு பங்கு இடைவெளி! அங்குள்ள முறையீட்டை இங்குள்ள வண்டியின் தலையில் கட்டலாமா?

கரூர் பட்டறை:

இருவரும் பேசுவதைப் படித்தேன். இருபது ஆண்டுகளாக டீசல் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், செயின் உள்ளே என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'செயின் இழுத்துக்கொண்டது' என்று எல்லோரும் சொல்கிறார்களே தவிர, அங்கே இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை.

கழற்றிய பழைய செயினைப் புதிய செயினின் பக்கத்தில், ஒரு முனையைச் சேர்த்து மேசைமேல் நீட்டி வைத்துப் பாருங்கள். தகடுகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். பழையதன் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவை நுழையும் துளைகளும்தான் தேய்ந்திருக்கும். ஒரு கண்ணியில் அந்தத் தேய்மானம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் எல்லாக் கண்ணிகளிலும் கூடும்போது மறுமுனையில் பழைய செயின் சில மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். அந்த நீளத்தை ஆயில் அழுத்தத்தால் வெளியே வரும் டென்ஷனர் ஈடுகட்டுகிறது. அதன் எல்லை முடிந்த பிறகு செயின் தளர்ந்து, பல்சக்கரத்தில் ஒரு பல் தாவினால் பிஸ்டனும் வால்வும் மோதும். இந்த இன்ஜினில் பல நேரங்களில் வால்வுகளை அமுக்கும் நெம்புகளான ராக்கர் ஆர்ம்கள் முதலில் உடைந்து வால்வுகளைக் காப்பாற்றிவிடுகின்றன. ஆனால் அதை நம்பி ஓட்டக் கூடாது.

ஊசிகளைத் தேய்ப்பது கரி. டீசல் எரியும்போது உண்டாகும் நுண்கரி ஆயிலில் கலந்து, நாள்பட நாள்பட உப்புத்தாள் போல வேலை செய்கிறது. ஈ.ஜி.ஆர். வால்வு புகையின் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே அனுப்புவதால் கரி இன்னும் கூடுகிறது. 2017-க்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் விற்ற பி.எஸ். 3 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரநிலை) டீசலில் கந்தகம் 350 பி.பி.எம். வரை இருக்கலாம், இன்றைய பி.எஸ். 6 டீசலில் அது 10 மட்டுமே. கந்தகம் ஆயிலில் அமிலத்தை உண்டாக்கும். ஆகவே அந்தக் காலத்து வண்டிக்கு 10,000 என்று கையேடு சொன்னாலும் என் வாடிக்கையாளர்களிடம் 7,500 என்றே சொல்லிவந்தேன்.

செயினை மாற்றுவது சிறிய வேலையும் அல்ல. இன்ஜினைத் தாங்கிப் பிடித்து, மவுன்ட்டைக் கழற்றி, ஆயில் சம்ப்பை இறக்கி, டைமிங் மூடியைத் திறந்து, அச்சுப் பூட்டுக் கருவிகளைப் போட்டுத்தான் செய்ய வேண்டும். செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டென்ஷனரையும் கைடுகளையும் அப்படியே விடுவது பணத்தை மிச்சப்படுத்துவது ஆகாது.

மலைப்பாதை:

பட்டறை அண்ணனுக்கு நன்றி. நீங்கள் சொன்னது என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. என் அக்காவின் வண்டியும் இதே இன்ஜின்தான். வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பட்டறையில் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக ஆயில் மாற்றினார்கள், பில்லும் இருந்தது. 96,000 கிலோமீட்டரில் காலை ஸ்டார்ட் செய்தபோது டைமிங் பக்கத்திலிருந்து கிலுகிலுப்பை ஆட்டுவது போன்ற ஓசை வந்தது. ஆயில் மூடியைத் திறந்தபோது உள்பக்கம் கருப்புத் தார் போல ஒட்டியிருந்தது. விரலால் வழித்தால் வந்தது. கையேட்டில் உள்ள தரத்தை விட்டுவிட்டு, பீப்பாயில் வந்த மலிவான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா என்ன தவறு செய்தார்? நேரத்துக்கு வண்டியை விட்டார், கேட்ட பணத்தைக் கொடுத்தார்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் இந்த மயக்கம் இல்லை. டஸ்டரில் இருந்த 1,461 சி.சி. ரெனோ டீசலுக்குப் பெல்ட். இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று கையேட்டில் எண் இருக்கிறது, மாற்றினால் கவலை தீர்ந்தது. செயினுக்கு அப்படி எண் கிடையாது. 'ஆயுள் முழுவதும்' என்று சொல்லிவிட்டு, எவருடைய ஆயுள் என்று சொல்லாமல் விட்டதுதான் என் முதன்மையான குறை.

டீசல்நேசன்:

உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது வருத்தமானது, அதில் அவர்மேல் பிழை இல்லை. எண் குறிப்பிடாதது பெரிய குறைதான் என்பதையும் ஏற்கிறேன். ஒன்றரை லட்சத்தில் திறந்து பார் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தார் ஆயிலில் எந்த டர்போ டீசல் பிழைத்திருக்கும்? பெல்ட் இன்ஜினாக இருந்தால் பெல்ட் தப்பியிருக்கும், டர்போ போயிருக்கும்.

ஈ.ஜி.ஆர். பற்றி ஒரு வார்த்தை: நகருக்குள் மட்டும் ஓடிய வண்டிகளில் வால்விலும் இன்டேக் மேனிஃபோல்டிலும் கரி அடைத்து, பிக்அப் குறைந்து, கரும்புகை வரும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இந்தக் காலத்து டிசையரில் புகைக்கரி வடிகட்டி இல்லாததால் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும் அச்சமும் இல்லை. வாரம் இரண்டு முறை சேலம் சாலையில் ஓடப்போகும் வண்டிக்கு இவை பெரிய தொல்லை ஆகாது.

கரூர் பட்டறை:

நாமக்கல்வாசி தம்பிக்கு: வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் இரவு முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும், நீங்கள் போவதற்கு முன் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பானட்டைத் திறந்து டைமிங் பக்கம் காதை வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஒரு நொடி ஓசை கேட்டால் பரவாயில்லை. மூன்று நான்கு நொடி நீடித்தால் டென்ஷனர் எல்லையைத் தொட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் இணைப்பில் ஆயில் கசிவு அளவுக்கு மீறி இருக்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் மாற்றிய பில்களை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.

நாமக்கல்வாசி:

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் போனேன். என் மைத்துனர் சாவியைத் திருப்பினார், நான் காதை வைத்துக் கேட்டேன். நான்கு நொடிக்குக் குறையாமல் சங்கிலியைத் தகரத்தில் உரசுவது போன்ற ஓசை, பிறகு அடங்கிவிட்டது. பில்களில் 62,000-க்கும் 91,000-க்கும் இடையே ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, முதல் உரிமையாளர் காலத்தில் நடந்தது என்றார்.

மலைப்பாதை:

விட்டுவிடுங்கள். 29,000 கிலோமீட்டர் ஒரே ஆயிலில் ஓடியிருந்தால் செயினை மாற்றலாம். டர்போவின் பேரிங்கையும் கேம்ஷாஃப்டையும் எப்படி மாற்றுவீர்கள்?

டீசல்நேசன்:

வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். செயின் கிட் முழுவதற்கும் வேலைக்கும் ஆகும் தொகையை விலையில் குறைத்தால், பட்டறையில் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அவர் குறைக்காவிட்டால், இது உங்கள் வண்டி அல்ல.

நாமக்கல்வாசி:

குறைக்க மறுத்துவிட்டார். பரமத்தியில் 2016-ஆம் ஆண்டு எர்டிகா ஒன்று இருக்கிறது, இதே இன்ஜினின் 90 குதிரைத்திறன் வடிவம், 7,000 கிலோமீட்டருக்கு ஒரு பில் என்று கோப்பு முழுக்க வைத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறும் ஆறரைக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை இரவில் இன்ஜினைத் தொட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.