பழைய 'எஸ்' முத்திரையை வெட்டலாமா? ஸ்கிரீன் ஜெம்ஸ் பற்றி ஒரு வாக்குவாதம்

படச்சுருள்

அறுபதுகளின் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றை நேற்று இரவு பார்த்தேன். கடைசியில் பெயர்கள் ஓடி முடிந்தன. அடுத்து, தொடரை எடுத்த ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனத்தின் முத்திரையான (லோகோ) சிவப்பு 'எஸ்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த இடத்தில் பல வருடங்களுக்குப் பின் செய்த பளபளப்பான முத்திரை ஒன்று வந்து நின்றது. பழைய மெட்டின் வால் மட்டும் ஒரு கணம் காதில் விழுந்தது. படத்தை வெட்டியவர் சத்தத்தை முழுதாக வெட்ட மறந்திருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கிரீன் ஜெம்ஸ் என்பது அன்று கொலம்பியா பிக்சர்ஸின் தொலைக்காட்சிக் கிளை. 'பிவிட்ச்ட்', 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' இரண்டும் அவர்கள் எடுத்தவை. ஹன்னா-பார்பராவின் ஹக்கிள்பெரி ஹவுண்ட், யோகி கரடி, 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' ஆகிய கார்ட்டூன்களை நிலையங்களுக்கு விற்றதும் அவர்கள்தான். 1965இல் அவர்களுக்குப் புது முத்திரை வந்தது. மஞ்சள் பின்னணியில் சிவப்புப் பட்டைகள் ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து 'எஸ்' ஆகும். வரைந்து கொடுத்தது சர்மயேஃப்-கைஸ்மர் நிறுவனம். கூடவே வரும் சில நொடி மின்னணு மெட்டு எரிக் சிடே அமைத்தது.

என் கட்சி இதுதான்: பழைய முத்திரையை வெட்டக் கூடாது. புதிய உரிமையாளர் தன்னுடையதை அதற்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளட்டும்.

வெட்டுமேசை

இருபது வருடமாக எடிட்டிங் என் பிழைப்பு. முத்திரைகளை வெட்டச் சொல்லி எனக்கும் வேலை வந்திருக்கிறது, வெட்டியும் இருக்கிறேன். அதனால் எதிர்க்கட்சியில் நின்று பேசுகிறேன்.

முத்திரை கதையின் பகுதி அல்ல. இந்தச் சரக்கு யாருடையது, யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லும் பலகை அது. கடை கைமாறினால் பலகை மாறத்தான் செய்யும். 1974இல் கொலம்பியாவே அந்தத் தொலைக்காட்சிக் கிளைக்குக் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் என்று பெயரை மாற்றிவிட்டது. 1982இல் கோகோ-கோலா கொலம்பியாவை வாங்கியதும், முத்திரைக்கு அடியில் கோகோ-கோலாவின் பெயர் ஏறியது. 1989இல் சோனி வாங்கியது. கிளையின் பெயர் 1994இல் கொலம்பியா ட்ரைஸ்டார், 2002இல் சோனி பிக்சர்ஸ் டெலிவிஷன் என்று மாறியது. நீங்கள் கேட்பதுபோல் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஐந்து பலகை வரிசையில் நிற்கும். பார்க்கிறவர் எதை நம்புவார்?

படச்சுருள்

பலகை என்றே வைத்துக்கொள்வோம். பழைய வீடுகளின் நெற்றியில் கட்டியவர் பெயரையும் ஆண்டையும் சுதையில் பதித்திருப்பார்கள். வீட்டை வாங்கியவர் வாசலில் தன் பெயர்ப்பலகையை மாட்டுவார். சுதை எழுத்தைக் கொத்தி எடுக்க மாட்டார். நான் கேட்பது அவ்வளவுதான்.

இன்னொன்று. எரிக் சிடே சாதாரண ஆள் அல்ல. மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி விளம்பரத்தில் பாத்திரம் கொதிக்கும் தாளத்தை இசையாக்கியவர் அவர். ராபர்ட் மூக் தன் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை விற்கத் தொடங்கியபோது வாங்கிய முதல் சிலரில் ஒருவரும் அவரே. மின்னணு இசை என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத காலத்தில், இரண்டு மூன்று நொடிக்குள் ஒரு முழு எண்ணத்தைச் சொல்லி முடிப்பது பெரிய வித்தை. நம் ஊரில் தூர்தர்ஷன் கண் சுழன்று வந்து நிற்கும்போது கேட்ட மெட்டை யாராவது வெறும் பலகை என்பார்களா?

எடிசன்வாசி

நான் வளர்ந்தது நியூஜெர்சியில். அப்பா 1971இல் இங்கே வந்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால் உள்ளூர் நிலையத்தில் மறுஒளிபரப்புதான். ஜீனி முடிகிற நேரம் நெருங்கினால் நான் சமையலறைக்கு, அம்மாவிடம் ஓடிவிடுவேன். அந்த 'எஸ்' என்னை நோக்கி வருவதுபோல இருக்கும். சத்தம் வயிற்றைப் பிசையும்.

எனக்கு மட்டும் அல்ல. 'நரகத்து எஸ்' என்றுதான் இங்கே அதற்குப் பெயர். அந்தப் பயத்தை மட்டுமே பேசுகிற குறும்படம் ஒன்றை ரோட்னி ஆஷர் 2010இல் எடுத்தார். வியாகாம் என்ற இன்னொரு நிறுவனம் 1976இல் கொண்டுவந்த 'வி' முத்திரைக்கும் இதே மாதிரி ஒரு பெயர் உண்டு.

அதனால் நான் எடிட்டர் பக்கம். என் மகள் அந்தத் தொடரைப் பார்க்கட்டும். அந்த மூன்று நொடி அவளுக்கு வேண்டாம்.

சனிக்கிழமைக்காலை

படச்சுருள் அண்ணா, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் எது அசல் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' 1960 செப்டம்பர் 30 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1966 ஏப்ரலில் முடிந்தது. மொத்தம் 166 அத்தியாயங்கள். நீங்கள் உருகுகிற 'எஸ்' பிறந்தது 1965இல். அதாவது கார்ட்டூனின் பெரும்பகுதி ஒளிபரப்பாகி முடிந்த பிறகு. பழைய தொடர்களின் மறுஒளிபரப்புப் பிரதிகளிலும் அந்த 'எஸ்' ஏறியது, முன்பு அங்கே இருந்த முத்திரையின் மேல்! நீங்கள் அசல் என்று நினைப்பதே பல இடங்களில் ஒட்டுதான்.

முத்திரை மட்டும் அல்ல, தொடக்கமும் அப்படியே. முதல் இரண்டு பருவங்களுக்கு வேறொரு தொடக்க இசை இருந்தது, பாடல் இல்லை. எல்லாரும் இன்று முணுமுணுக்கும் பாட்டு மூன்றாம் பருவத்தில்தான் தொடக்கத்துக்கு வந்தது. மறுஒளிபரப்புக்குப் போனபோது முதல் இரண்டு பருவங்களின் தலையிலும் அந்தப் பாட்டை ஒட்டினார்கள். பழைய தொடக்கம் திரும்பி வரப் பல வருடம் ஆனது.

அப்புறம் விநியோகமும் கைமாறியது. ஹன்னா-பார்பரா 1966-67 வாக்கில் டாஃப்ட் நிறுவனத்திடம் போனது. பின்னாளில் அவர்களுடைய கார்ட்டூன்களை வேர்ல்ட்விஷன் விநியோகித்தது. அவர்கள் முத்திரையில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'வேர்ல்ட் விஷன் இன்டர்நேஷனல் என்ற சமய அறக்கட்டளைக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை' என்று உலக உருண்டையோடு எழுதியிருப்பார்கள். எத்தனை பேர் குழம்பியிருந்தால் இதைத் திரையிலேயே போட்டிருப்பார்கள்!

வெட்டுமேசை

தங்கச்சி சொன்னது என் வாதத்துக்குப் பெரிய பலம். இன்னொன்றும் சேர்க்கிறேன். 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' முதலில் ஓடியபோது அதன் விளம்பரதாரர்களில் ஒருவர் வின்ஸ்டன் சிகரெட். பாத்திரங்களே புகைத்துக் காட்டினார்கள். நிகழ்ச்சியின் முடிவில் சிகரெட் பெயரும் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1971 ஜனவரி 2 முதல் தடை. பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்றால் இதையும் குழந்தைகளுக்குக் காட்டுவீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் வெட்டலாம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. எதை என்பதுதான் மிச்சக் கேள்வி.

படச்சுருள்

இல்லை, அது வேறு. சிகரெட்டைக் குழந்தைகள் முன் காட்டாமல் இருக்கக் காரணம் இருக்கிறது. உடல்நலம். மஞ்சள் பின்னணியில் வரும் ஓர் 'எஸ்'ஸால் யாருக்கும் நோய் வராது. (எடிசன்வாசி, உங்கள் பயத்தைக் குறைவாகச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது.)

தங்கை கேட்டதற்கு வருகிறேன், அதில் உண்மை இருக்கிறது. நான் 'அசல்' என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்திவிட்டேன்.

அந்தக் காலத்தில் மறுஒளிபரப்பு எப்படி நடந்தது என்று பாருங்கள். 16 எம்எம் பிரிண்ட்டை, அதாவது பிலிம் பிரதியை, ஒரு நிலையம் ஓட்டிவிட்டு அடுத்த ஊர் நிலையத்துக்குப் பார்சல் செய்யும். முத்திரையை மாற்ற வேண்டும் என்றால் புதுப் பிரிண்ட் போட வேண்டும், இல்லை வாலை வெட்டி ஒட்ட வேண்டும். எல்லாப் பிரிண்ட்டையும் தேடிப் பிடித்து மாற்ற முடியாது. அதனால்தான் பழைய முத்திரைகள் தப்பின. ஒரே அத்தியாயத்துக்கு ஓர் ஊரில் ஒரு முத்திரை, இன்னோர் ஊரில் வேறு. சேகரிப்பாளர்கள் இன்றும் 16 எம்எம் சுருள்களை வாங்கிக் கடைசிச் சில அடிகளை முதலில் பார்ப்பது இதற்காகத்தான்.

வீடியோ நாடாவும் செயற்கைக்கோளும் வந்தபின் நிலைமை தலைகீழ். மாஸ்டர் நாடாவில் ஒருமுறை மாற்றினால் நாடு முழுக்க மாறிவிடும். இப்போது ஸ்ட்ரீமிங்கில் உலகத்துக்கே ஒரே கோப்பு. ஒரு வெட்டு விழுந்தால் வேறெங்கும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. அதனால் 'எஸ்' அசலா ஒட்டா என்பது எனக்கு இப்போது முக்கியமில்லை. ஒட்டு என்றாலும் அது 1965இன் ஒட்டு. நமக்குக் கையில் கிடைத்த பிரதியின் வாலை எறியக் கூடாது. கோகோ-கோலா பெயர் போட்ட முத்திரையையும்தான்.

சனிக்கிழமைக்காலை

அப்படிச் சொன்னால் நானும் உங்கள் பக்கம் வருகிறேன். ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற பெயரே கார்ட்டூனில்தான் பிறந்தது. சார்லஸ் மின்ட்ஸ் நடத்திய கார்ட்டூன் கூடத்தை 1939இல் கொலம்பியா எடுத்துக்கொண்டு இந்தப் பெயரை வைத்தது. 1946இல் கூடத்தை மூடினார்கள். பெயரை மட்டும் எடுத்து 1948இல் ரால்ஃப் கோனின் தொலைக்காட்சி விளம்பரப்படக் கம்பெனிக்கு வைத்தார்கள். 1998இல் சோனி அதே பெயரை ஒரு திரைப்படப் பிரிவுக்கு மறுபடியும் வைத்தது. இத்தனை முறை செத்துப் பிழைத்த பெயர் எந்த வருடம் எதற்கு நின்றது என்று சொல்ல, திரையில் ஓடும் அந்தச் சில நொடிதான் கையிலிருக்கும் நேரடிச் சாட்சி.

எனக்கு 'எஸ்' தெரியாது. 1995க்குப் பிறகு கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஸ்கூபி-டூ பார்த்து வளர்ந்தவள். வண்ணக் கீற்றுகள் சுழன்று நட்சத்திரமாகும் ஹன்னா-பார்பரா முத்திரைதான் என் முத்திரை. அது வந்தால் அம்மா டிவியை அணைப்பார், வீட்டுப்பாடம் தொடங்கும். இப்போது அதைப் பார்த்தாலும் நோட்டுப் புத்தக வாசனை வருகிறது.

வெட்டுமேசை

ஒளிபரப்பில் என் நிலை மாறவில்லை. நாலு நொடி மிச்சமானால் அதில் அடுத்த நிகழ்ச்சி அறிவிப்பைப் போடச் சொல்வார்கள், நான் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வெட்டிய வால்களை நான் எங்கும் எடுத்து வைக்கவில்லை. வைத்திருக்கலாம். தனிக் கோப்பாகத் தொடர் பெயர், அத்தியாய எண்ணோடு சேமிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. இனி செய்வேன்.

எடிசன்வாசி

இதைப் படித்துவிட்டு இன்று காலை பேஸ்மென்ட்டில் தேடினேன். அப்பா 1984இல் பதிவு செய்த விஎச்எஸ் நாடாக்கள் பதினொன்று இருக்கின்றன. அவர் கையெழுத்தில் ஒன்றில் 'ஜீனி, மறுஒளிபரப்பு' என்று எழுதியிருக்கிறது. கடைசியில் 'எஸ்' இருந்தாலும் இருக்கும். மகளுக்குக் காட்டுவேனா தெரியாது. ஆனால் எறிய மனசு வரவில்லை. பழைய விசிஆர் ஒன்றும் கிடக்கிறது, இன்று இரவே போட்டுப் பார்க்கட்டுமா?

வெட்டுமேசை

ஐயோ, வேண்டாம். உடனே ஓட்டாதீர்கள். முதலில் நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரிப் பூஞ்சை இருக்கிறதா என்று நாடாப் பெட்டியின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். இருந்தால் நாடாவைப் படிக்கும் விசிஆரின் ஹெட்டும் போகும், நாடாவும் போகும், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால், வேண்டாத நாடா ஒன்றைப் போட்டு விசிஆர் மென்று துப்பாமல் ஓட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு இதை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்யுங்கள். பெயர்கள் ஓடி முடிந்தபின்னும் நிறுத்தாதீர்கள்.

படச்சுருள்

நிறுத்தாதீர்கள். விளம்பரம் வரும்வரை ஓடட்டும்.