லோன் சாங்ஷன் ஆனதற்கு 'யெஸ்' போட்டோம், விண்ணப்பம் நின்றுவிட்டது. என்ன செய்வது?

குரோம்பேட்டை அப்பா:
வணக்கம். பெண் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். கல்விக் கடனுக்கு வங்கியிலிருந்து சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்த அன்றே, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிவத்தை நிரப்பக் கொடுத்தோம். அதில் ஒரு கேள்வி: நீங்களோ, உங்கள் படிப்புக்குப் பணம் கட்டுபவரோ 'சாங்ஷன்ஸ்'க்கு உட்பட்டவரா? சென்டர் தம்பி, "அதான் லோன் சாங்ஷன் ஆயிடுச்சே சார்" என்று யெஸ்ஸில் டிக் அடித்துவிட்டார். கீழே விவரம் கேட்ட கட்டத்தில் வங்கி, கிளை, தொகை எல்லாம் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது நிலை 'கம்ப்ளையன்ஸ் ரிவ்யூ' என்று காட்டுகிறது. படிவத்தைத் திறந்து திருத்த முடியவில்லை. வேறு மெயில் ஐடியில் புதிதாக விண்ணப்பம் போடலாமா? அப்படி என்னதான் கேட்டிருக்கிறார்கள்?

பாரிமுனை ஷிப்பிங்:
சார், புது விண்ணப்பம் வேண்டவே வேண்டாம். ஒரே பாஸ்போர்ட் நம்பரில் ஒன்றில் யெஸ், இன்னொன்றில் நோ என்று இருந்தால் எதையோ மறைக்கப் பார்க்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

அவர்கள் கேட்டது பேப்பரில் 'பொருளாதாரத் தடை' என்று போடுவார்களே, அது. ஈரான், ரஷ்யா, வட கொரியா மீது இருப்பது போல. நாட்டின் மீது மட்டுமில்லை; தனி ஆள், கம்பெனி, வங்கி, கப்பல் எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. பட்டியலில் இருப்பவரிடம் பணம் வாங்கினால் வாங்கியவர் மாட்டுவார். இங்கிலாந்தில் இதற்கென்றே 2018-இல் தனிச் சட்டம் போட்டார்கள். நிதித் தடைகளைக் கவனிக்க அவர்கள் கருவூலத்துக்குள் ஓர் அலுவலகமே இருக்கிறது. அதனால் பல்கலைக்கழகமும் ஃபீஸ் வாங்குவதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்கிறது. எக்ஸ்போர்ட் டாக்குமென்டில் இந்தக் கேள்வியைப் பார்க்காத நாளில்லை எனக்கு. உங்கள் பெண்ணுக்குப் பதில் 'நோ'.

குரோம்பேட்டை அப்பா:
ஐயோ! அப்படியென்றால் ஒரு அரசு வங்கியைத் தடை செய்யப்பட்ட வங்கி என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோமா?

பாரிமுனை ஷிப்பிங்:
ஏறக்குறைய அப்படித்தான் :) ஆனால் பயப்படாதீர்கள். படிக்கிற ஆளுக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
சென்டர் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அனுமதி என்ற ஒரே அர்த்தம்தான் புழக்கம். லீவு சாங்ஷன், ஜிபிஎஃப் அட்வான்ஸ் சாங்ஷன், சாங்ஷன் ஆன போஸ்ட், வீட்டு பிளான் சாங்ஷன், ஈபியில் சாங்ஷன் ஆன லோடு. லஞ்ச வழக்கில்கூட அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர 'சாங்ஷன்' வாங்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அது. அங்கே அனுமதி கிடைத்தால் ஒருவருக்குக் கஷ்டம் ஆரம்பம்!

இரண்டு அர்த்தமும் ஒரே வேரில் வந்தவைதான். லத்தீனில் ஒன்றைப் புனிதமாக்குவது, மீறமுடியாத கட்டளையாக விதிப்பது என்று பொருள்படும் வினைச்சொல். சட்டத்துக்கு அந்த உறுதியைத் தரும் ஒப்புதல் ஒரு கிளை. சட்டத்தை மீறினால் விழும் தண்டனை இன்னொரு கிளை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த சர்வதேச சங்கம், 1935-இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராகத் தடை விதித்தபோது இரண்டாவது கிளை உலகச் செய்தியானது. 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம் மீதே போட்டது நினைவிருக்கும்.

வேளச்சேரி வெங்காயம்:
சிம்பிளா சொல்லுங்க பெருசு. 'எஸ்' சேர்ந்து பன்மையில் வந்தால் தடை, ஒருமையில் வந்தால் அனுமதி. பொருள் சாங்ஷன் ஆனால் நல்லது, ஆள் சாங்ஷன் ஆனால் கெட்டது. முடிஞ்சது.

இங்கிலீஷ் டீச்சர், அடையாறு:
பன்மை பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. ஒருமை பற்றிச் சொன்னது சரியில்லை தம்பி. இங்கிலாந்தில் வேலையில்லாதவர் அரசு உதவித்தொகையின் விதியை மீறினால் தொகையை வெட்டுவார்கள். அதற்கும் ஒருமையில் சாங்ஷன் என்றுதான் பெயர். அங்கே ஒருவர் 'என் பணம் சாங்ஷன் ஆகிவிட்டது' என்கிற தொனியில் பேசினால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். கப்பல் ஒரு பொருள்தானே, அது சாங்ஷன் ஆனால் துறைமுகத்தில் சேர்க்க மாட்டார்கள். ஐ.நா. சாங்ஷன் செய்த படை என்றால் ஐ.நா. ஒப்புதலோடு போன படை, ஐ.நா. சாங்ஷன் செய்த கம்பெனி என்றால் தடைப் பட்டியலில் உள்ள கம்பெனி. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். 'உட்பட்டவரா', 'விதிக்கப்பட்டதா' என்ற தொனியில் கேள்வி இருந்தால் அது தடை.

இன்னொன்றும் கவனியுங்கள் சார். சில படிவங்களில் முன்பு படித்த கல்லூரி உங்கள் மீது சாங்ஷன் எடுத்ததா என்று கேட்பார்கள். அது காப்பியடித்தது, ராகிங் போன்றவற்றுக்கான ஒழுங்கு நடவடிக்கை. ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆனதை அங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

குரோம்பேட்டை அப்பா:
மேடம், மெயிலில் என்ன எழுதட்டும்?

இங்கிலீஷ் டீச்சர், அடையாறு:
சுருக்கமாக. விண்ணப்ப எண்ணைத் தலைப்பில் போடுங்கள். அந்தக் கேள்விக்கான பதிலைத் தவறாகப் புரிந்துகொண்டு தந்துவிட்டோம், சரியான பதில் நோ, குறிப்பிட்ட வங்கி எங்களுக்குக் கல்விக் கடன் ஒப்புதல் தந்த வங்கி. இவ்வளவு போதும். கடனைப் பற்றி எழுதும்போது 'அப்ரூவ்டு' என்றே எழுதுங்கள், சாங்ஷன் என்ற சொல் அந்த வரியில் வரவே கூடாது. வங்கிக் கடிதத்தின் தலைப்பில் அது இருக்கும். இந்திய வங்கிகளில் அது ஒப்புதலைக் குறிக்கும் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் பெண்ணே தன் பதிவு மெயிலிலிருந்து அனுப்பட்டும். அப்பா அனுப்பினால் அவர்கள் பதில் தரத் தயங்குவார்கள்.

பாரிமுனை ஷிப்பிங்:
பாஸ்போர்ட் நகலையும் இணையுங்கள். நமக்கு சர்நேம் கிடையாது, அப்பா பெயரோ இனிஷியலோதான். பட்டியலோடு பெயரை ஒப்பிடும் சாஃப்ட்வேர் இதில் தடுமாறும். பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.

குரோம்பேட்டை அப்பா:
அப்டேட்: மேடம் சொன்னபடியே பெண் மெயில் அனுப்பினாள். பதில் வந்துவிட்டது. அவர்களே பதிலை நோ என்று மாற்றிவிட்டார்களாம், ரிவ்யூவும் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் கடிதத்தில் 'இன் பிரின்சிபிள் சாங்ஷன்' என்று இருக்கிறது. விசாவுக்கு இது போதுமா?

கிளை அதிகாரி (வங்கியின் பெயர் வேண்டாமே):
போதாது சார். அது கொள்கையளவிலான ஒப்புதல். ஆவணங்கள், ஈடு எல்லாம் சரிபார்த்த பிறகு வருவதுதான் இறுதி சாங்ஷன். அதுவும்கூட பணம் கைக்கு வந்த கணக்கில்லை, டிஸ்பர்ஸ்மென்ட் தனி. இங்கிலாந்து மாணவர் விசாவுக்குக் கடன் கடிதம் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும். விசா கிடைப்பதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் பணத்தை விடுவிக்க இருக்கக் கூடாது. உங்கள் கிளையில் இறுதிக் கடிதம் கேளுங்கள். தொகை, மாணவியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, கல்விக் கடன் என்ற விவரம் மூன்றும் அதில் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.