எக்ஸ்-மென் '97: பழைய 76 பகுதிகளில் எதைப் பார்த்துவிட்டு உட்காருவது?

மஞ்சள்_கோட்டு:

டிஸ்னி பிளஸ்ஸில் 2024-ல் வந்த எக்ஸ்-மென் '97 முதல் சீசன் பற்றிய திரி. பிறவியிலேயே சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'களின் குழுவைப் பற்றி 1992-97-ல் 76 பகுதியாக வந்த கார்ட்டூனின் தொடர்ச்சி இது. ஐந்தாம் பகுதி வரை கதை இங்கே வெளிப்படும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். 1992-97 தொடரோடு வளர்ந்தவர்கள் ஐந்தாம் பகுதியான 'ரிமெம்பர் இட்' முடிந்ததும் வாயடைத்துப்போய் உட்கார்ந்துவிட்டதாக எழுதுகிறார்கள். நேரே புதியதில் நுழைந்தவர்களோ, "சண்டை பிரமாதம், ஆனால் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே பிடிபடவில்லை" என்கிறார்கள். மூன்றாம் பகுதியில் ஜீன் என்ற நாயகியின் நகலான மேட்லினின் கதை தலைதெறிக்க ஓடுகிறது என்பது இரு தரப்புக்கும் பொதுவான குறை.

தெரிய வேண்டியது மூன்று. பழைய 76-ல் எவை கட்டாயம்? குரல்களில் எவை மாறின, ஏன்? பெரிய டிவியில் அசைவு வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிகிறதே, அது தொடரின் குறையா, டிவியின் குறையா?

பழைய_கேசட்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 76 பகுதி, ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம், மொத்தம் 28 மணி நேரம். அத்தனையும் தேவையில்லை. ஆனால் ஒன்றுகூடப் பார்க்காமல் போனால் ஐந்தாம் பகுதியில் பாதி காதிலேயே விழாது. புதிய தொடர் பழையதைத் திரும்பச் சொல்லவில்லை. விட்ட இடத்தில் தொடர்கிறது. யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியும் என நம்பியே எழுதியிருக்கிறார்கள்.

அவசரமானவர்களுக்கு ஒன்பது பகுதி, மூணேகால் மணி நேரம்.

முதலில் 'நைட் ஆஃப் த சென்டினல்ஸ்' இரண்டும். ஜூபிலி என்ற சிறுமி குழுவுக்குள் வருவதும் குழுவின் மார்ஃப் சாவதும் இங்கேதான். புதிய தொடரின் முதல் பகுதியில் ராபர்ட்டோ என்ற மியூட்டன்ட் பையன் வந்து சேரும் விதம் ஜூபிலி வந்த விதத்தின் எதிரொலி. இதைப் பார்த்திருந்தால் அவனை அவள் ஏன் அவ்வளவு ஒட்டிக்கொள்கிறாள் என்று விளக்கவே வேண்டாம்.

அடுத்து 'ஸ்லேவ் ஐலண்ட்'. இதைப் பலர் தவிர்க்கச் சொல்கிறார்கள், அது பெரிய தப்பு. குழுவின் ஸ்டார்ம், காம்பிட், ஜூபிலி மூவரும் ஜெனோஷா தீவுக்குப் போவார்கள். மியூட்டன்ட்களை வரவேற்கும் தீவு என்று கேள்விப்பட்டுப் போனால், கழுத்தில் சக்தியை முடக்கும் பட்டையை மாட்டி அணை கட்டும் வேலைக்கு அடிமைகளாக்கிவிடுவார்கள். மியூட்டன்ட்களை வேட்டையாடும் ராட்சத ரோபோக்களான சென்டினல்கள் உருவாவதும் அதே தீவில்தான். இனி 'ரிமெம்பர் இட்' பாருங்கள். அதே ஜெனோஷா, இப்போது ஐ.நா. அங்கீகரித்த மியூட்டன்ட் நாடு, விளக்குகள், விருந்து, நடனம். கடைசியில் அங்கே வந்து இறங்குவது மூன்று தலைச் சென்டினல். அதன் எதிரே நின்று சாவது, அந்த மண்ணில் கழுத்துப்பட்டையோடு நின்ற அதே காம்பிட். வசனத்தில் இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. பார்ப்பவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் சீசன் தொடக்கம் 'டில் டெத் டூ அஸ் பார்ட்' இரண்டும். ஸ்காட் (சைக்ளாப்ஸ்)–ஜீன் கல்யாணம், மார்ஃபை வில்லன் மிஸ்டர் சினிஸ்டர் உயிர்ப்பித்து ஆட்டிவைப்பது, அவன் இந்தத் தம்பதியின் மரபணு மேல் வைத்திருக்கும் வெறி எல்லாம் இதில் உண்டு. ஜீனின் நகல் ஒருத்தியை அவன் ஏன் உருவாக்கினான் என்ற கேள்விக்கு விதை இதுதான்.

'டைம் ஃப்யூஜிட்டிவ்ஸ்' இரண்டும் காலப்பயணிகளான கேபிள், பிஷப் இருவருக்காக. கேபிள் 3999-ஆம் ஆண்டிலிருந்து வருபவர். புதிய தொடரின் மூன்றாம் பகுதியில் ஸ்காட்டின் குழந்தை நேத்தனை (அவன்தான் வளர்ந்து கேபிள் ஆகிறான்) எதிர்காலத்துக்கு அனுப்பும்போது நெஞ்சு கனக்க வேண்டுமென்றால் இந்த மனிதரை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

'எ ரோக்ஸ் டேல்' ஒன்று. குழுவின் இன்னொருத்தி ரோக்கின் சக்தி எப்படிப்பட்டது என்பதற்கு. தோல் தோலைத் தொட்டால் எதிராளியின் உயிர்ச்சக்தியும் நினைவும் அவளுக்குள் வந்துவிடும். அதிக நேரம் தொட்டால் திரும்பியே போகாது. தன்னைக் காதலிக்கும் காம்பிட்டைப் பல வருடம் அவள் தள்ளிவைத்ததற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக 'கிராஜுவேஷன் டே', பழைய தொடரின் 76-ஆம் பகுதி, செப்டம்பர் 1997. குழுவையும் அதன் பள்ளியையும் உருவாக்கிய சேவியர் தாக்கப்பட்டு உயிருக்குப் போராடுவார். பழைய எதிரி மேக்னீட்டோ போரை விட்டுவிட்டு வந்து உதவுவார், வேற்றுலகப் பேரரசி லிலாண்ட்ராவுக்குச் செய்தி போகும், சேவியர் விண்வெளிக்குப் போவார். புதிய தொடரில் வரும், பள்ளியை மேக்னீட்டோவிடம் ஒப்படைத்த சேவியரின் உயில் இதற்குப் பிறகுதான் அர்த்தமாகும்.

இன்னும் நேரம் இருந்தால் 'ஃபீனிக்ஸ் சாகா' ஐந்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிலாண்ட்ராவின் ஷியார் பேரரசு எது, அவள் யார் என்பதெல்லாம் அதில்தான். 'சாங்ச்சுவரி' இரண்டும் பார்த்தால் புதிய தொடரின் கடைசி மூன்று பகுதிகளில் மேக்னீட்டோவின் விண்கல் கோட்டை வரும்போது தடுமாற மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒளிபரப்பு வரிசையைக் கண்ணை மூடி நம்பாதீர்கள். 'நோ மியூட்டன்ட் இஸ் அன் ஐலண்ட்' கதைப்படி ஃபீனிக்ஸ் சாகாவை ஒட்டி வர வேண்டியது. ஜீனை இழந்த துக்கத்தில் ஸ்காட் குழுவை விட்டுப் போகும் கதை. ஆனால் 1996-ல்தான் ஒளிபரப்பானது. ஒளிபரப்பு வரிசையில் பார்த்தால், கூடவே இருந்த ஜீன் எப்போது செத்தாள் என்று குழம்பிப்போவீர்கள்.

சனிக்கிழமை_காலை:

மேலே சொன்னதோடு ரோக் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஐந்தாம் பகுதியின் கடைசி வசனத்தில்தான் இரண்டு கட்சியும் பிரிகின்றன.

காம்பிட்டின் உடலை மடியில் போட்டுக்கொண்டு ரோக் சொல்வது, "உன்னை உணர முடியவில்லை" என்பது. புதிதாகப் பார்ப்பவர் இதைப் பிரிவுத் துயரில் வரும் வழக்கமான பேச்சாக எடுத்துக்கொள்கிறார். அது அப்படியே நேர்ப்பொருளில் சொன்னது. அவள் அவனை வெறுங்கையால் தொட்டுக்கொண்டிருக்கிறாள். உயிர் இருந்திருந்தால் அவன் நினைவும் சக்தியும் அவளுக்குள் பாய்ந்திருக்கும். எதுவும் வரவில்லை. முதல் முறையாகப் பயமில்லாமல் தொடுகிறாள், தொடுவதற்கு உள்ளே யாரும் இல்லை. இத்தனை வருடக் கதையையும் ஒரே வசனத்தில் இறக்கிவைத்த எழுத்து அது. அதே பகுதியில் முன்னால் மேக்னீட்டோவோடு அவள் ஆடும் நடனத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். அவருடைய காந்தப்புலம் அவள் சக்தியைத் தடுப்பதால் அவரைத் தொட முடிகிறது. தொட முடிந்தவர் ஒருவர், மனம் போனது இன்னொருவரிடம்.

குரல்கள். வோல்வரின் (கால் டாட்), ரோக் (லெனோர் ஜான்), பீஸ்ட் (ஜார்ஜ் பூசா), ஸ்டார்ம் (அலிசன் சீலி-ஸ்மித்) நால்வரும் பழையவர்களே. சினிஸ்டரும் நைட்கிராலரும்கூட. சைக்ளாப்ஸின் நார்ம் ஸ்பென்சர், மேக்னீட்டோவின் டேவிட் ஹெம்ப்லன் இருவரும் 2020-ல் காலமானார்கள், அதனால் ரே சேஸும் மேத்யூ வாட்டர்சனும் பேசுகிறார்கள். ஜூபிலிக்குப் பேசிய அலிசன் கோர்ட், ஆசிய வம்சாவளிப் பாத்திரத்துக்கு ஆசிய வம்சாவளி நடிகையே பேசட்டும் என்று விலகிக்கொண்டார். இப்போது ஹாலி சூ.

கேபிளின் குரல் எங்கோ கேட்டது போல இருக்கிறது என்பவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அது கிறிஸ் பாட்டர், பழைய காம்பிட். பழைய ஜீனான கேத்தரின் டிஷர் இப்போது அதிகாரி வால் கூப்பருக்குப் பேசுகிறார். நான்காம் பகுதியில் வீடியோ கேம் உலகத்துக்குள் ஜூபிலி சந்திக்கும் மூத்த ஜூபிலிக்குப் பேசுபவர் அலிசன் கோர்ட்தான். பழைய குரல் புதிய குரலுக்குப் புத்தி சொல்லி வழியனுப்பும் அந்தக் காட்சிக்காகவே நான்காம் பகுதியைத் தாண்டிப்போகாதீர்கள்.

வோல்வரினின் குரல் கரகரத்துவிட்டது என்ற புகாரும் இருக்கிறது. 27 வருடம் ஆகியிருக்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்தித்தான் போகிறது.

கோடும்_நிழலும்:

மூன்றாவது கேள்வி. வழுக்கல் டிவியின் குறை.

இந்த வகை அனிமேஷனில் நொடிக்கு 24 சட்டகம். ஆனால் பெரும்பாலும் ஒரு படத்தையே இரண்டு சட்டகத்துக்கு நிறுத்திவைப்பார்கள், ஆக நொடிக்கு 12 படம். அடி விழும் வேகம், நின்று திரும்பும் கெத்து எல்லாம் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. டிவியின் அசைவு மென்மையாக்கி, இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படங்களைத் தானே கணக்குப்போட்டுச் செருகுகிறது. கோட்டோவியத்தில் அந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். கை ஓரம் கரைந்து இழுபடும், வேகமான வெட்டுகளில் முகக்கோடு இரட்டையாகத் தெரியும்.

எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' (பழைய மாடலில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்'). மூன்றையும் அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும், இது தானாகவே அணைந்துவிடும். அடுத்து ஷார்ப்னஸ். எல்ஜியிலும் சாம்சங்கிலும் 0-லிருந்து 10-க்குள் வையுங்கள். சோனியில் நடுநிலை 50, அங்கே 0-க்கு இறக்கினால் படம் மங்கிவிடும். ஷார்ப்னஸ் கூடினால் கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும். இந்தத் தொடரில் கெட்டியான கறுப்பு நிழல்கள் அதிகம் என்பதால் அது கண்ணை உறுத்தும். மின்சேமிப்பு மோடும் வேண்டாம், ஜெனோஷாவின் இரவுக் காட்சிகள் சேறாகிவிடும்.

வசனம் மெதுவாகவும் இசை பெரிதாகவும் கேட்டால், டிவியின் ஒலி வெளியீட்டை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் அடக்கும்போது நடு ஸ்பீக்கரின் வசனம் அமுங்கிப்போவது வழக்கம்.

பழைய தொடர் 4:3. பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகள் இருக்கட்டும், 'ஜூம்' போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். அதில் தெரியும் அசைவுப் பிழைகளுக்கு டிவியைத் திட்டாதீர்கள். கொரியாவின் ஏகாம் ஸ்டுடியோ முதல் பகுதியை அனுப்பியபோதே நூற்றுக்கு மேற்பட்ட பிழைகள். செப்டம்பர் 1992-ல் வர வேண்டியது அக்டோபர் 31-க்குத் தள்ளிப்போனது. வார், பை, பக்கிள் என்று உடையெல்லாம் கோடாக இருக்கும் உருவங்களை வாரத் தொடருக்குக் கையால் வரைவது அவ்வளவு பாடு. '97-க்கு வேலை செய்த ஸ்டுடியோ மிர் நிறுவனமும் கொரியாதான். நிழல்களைப் பழைய பாணியிலேயே வைத்துக்கொண்டு அசைவை மட்டும் உயர்த்தியிருக்கிறார்கள். முதல் பகுதியில் உயரத்திலிருந்து விழும் சைக்ளாப்ஸ், கண் கதிரைத் தரையை நோக்கிப் பாய்ச்சி வேகத்தைக் குறைத்து இறங்குவாரே, பழைய தொடருக்குக் கிடைத்த நேரத்திலும் செலவிலும் அந்த ஷாட் நடந்திருக்காது.

மஞ்சள்_கோட்டு:

மூவருக்கும் நன்றி. மூன்றாம் பகுதியின் வேகம் பற்றி யாரும் சொல்லவில்லையே? வீட்டில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பழைய_கேசட்:

வேகம் பற்றிய குறை நியாயமானது. பழைய தொடர் ஃபீனிக்ஸ் கதைக்கு ஐந்தும் டார்க் ஃபீனிக்ஸுக்கு நான்கும் ஒதுக்கியது, ஆக ஒன்பது. இங்கே, வீட்டில் இருக்கும் ஜீன் நகல் என்று தெரிவது, அவள் மனம் திரிவது, அரக்க மாயை, குழந்தைக்கு வைரஸ், எதிர்காலத்துக்கு அனுப்பும் முடிவு, மேட்லின் என்ற புதுப் பெயர் எல்லாம் ஒரே பகுதிக்குள். பெற்ற பிள்ளையைக் கைவிடும் முடிவை எடுக்க அந்தத் தாய்க்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த பகுதியில் பாதியை வீடியோ கேம் கதைக்குக் கொடுத்தவர்கள், அதைச் சுருக்கி இதை விரித்திருக்கலாம்.

சனிக்கிழமை_காலை:

இதில் உடன்பாடில்லை நண்பரே. பத்துப் பகுதியில் முடிக்க வேண்டிய சீசன் இது, ஜெனோஷாதான் மையம். மேட்லினுக்கு நீங்கள் கேட்கும் இடம் ஐந்தாம் பகுதியில் கிடைக்கிறது. ஜெனோஷாவில் கேபிள் அவளைக் காப்பாற்றப் பார்ப்பது நினைவிருக்கிறதா? கைவிடப்பட்ட பிள்ளை அம்மாவைத் தேடி வருகிறான். மூன்றாம் பகுதியில் தராத நேரத்தைத்தான் அங்கே தருகிறார்கள். ஐந்துக்கு முன்னால் ஜூபிலியின் பிறந்தநாள் போல ஒரு இளைப்பாறலும் வேண்டும், இல்லாவிட்டால் அடி இவ்வளவு விழாது.

பிள்ளைகள் விஷயம். பழையது தாராளமாகப் பார்க்கலாம். அந்தக் காலத் தொலைக்காட்சி விதிப்படி வோல்வரினின் நகம் பெரும்பாலும் இயந்திரங்கள் மேல்தான் பாயும். '97 அப்படியில்லை. ஐந்தாம் பகுதியில் கூட்டம் கூட்டமாக மக்கள் சாகிறார்கள், சாம்பலான உடல்கள் தெரியும். ஒன்பதாம் பகுதியின் முடிவிலும் மிகக் கொடூரமான காட்சி ஒன்று உண்டு. எட்டு, ஒன்பது வயதுக்கு வேண்டாம். பன்னிரண்டுக்கு மேல் என்றால் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

கோடும்_நிழலும்:

இன்னும் இரண்டு. 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தானை அழுத்தாதீர்கள். தொடக்கப் பாடலின் காட்சிகள் பகுதிக்குப் பகுதி மாறுகின்றன, அன்றைய கதைக்குத் தேவையான பழைய நினைவுகளை அதிலேயே செருகியிருக்கிறார்கள். பத்தாம் பகுதியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் செயலி திரையைச் சுருக்கி வேறு தொடரைப் பரிந்துரைக்கும். ரிமோட்டில் மேலே போய்ப் படத்தைத் திரும்பப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பெயர்களுக்கு நடுவே ஒரு காட்சி இருக்கிறது, ஜெனோஷாவின் இடிபாட்டில்.